சுமதி குடிக்காத கூழ்

மண்ணூர்
1991, ஆடி ஞாயிறு

என் உயிர் அக்கா,

ஊரெல்லாம் கூழ் குடித்துவிட்டுப் படுத்திருக்கும் இந்த மத்தியானத்தில் உனக்கு எழுதுகிறேன். நீ போய் இது இரண்டாவது ஆடி. சுமதி உள்ளே தூங்குகிறாள். மாமா அவள் கால்மாட்டில் உட்கார்ந்து மகளின் கண்ணிமையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபமா பயமா என்று கேட்காதே, இரண்டும்தான்.

உன் வேண்டுதலை நான் இன்று தடுத்துவிட்டேன், அக்கா. வலிப்பு அடங்கினால் ஏழு வயதில் உன் பெண் மாரியம்மனுக்குக் கூழ்ப்பானை சுமந்து வந்து முதல் கூழைக் குடிப்பாள் என்று நீ வேண்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். இந்த வருடம் அவளுக்கு ஏழு. வலிப்பும் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது. எதனால் அடங்கியது என்பதில்தான் சண்டை.

நீ போன பிறகு மாத்திரைக்கு மேல் மாத்திரை மாற்றியும் கேட்கவில்லை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாமா என்றார். பட்டினி கிடந்தால் சில பேருக்கு வலிப்பு நிற்பதை அந்தக் காலத்திலேயே கண்டிருக்கிறார்களாம். அதைப் பார்த்துத்தான் அரிசி, சர்க்கரையை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, கொழுப்பை எரித்தே உடம்பு ஓடும்படி ஒரு சாப்பாட்டை வெளிநாட்டில் உண்டாக்கினார்களாம். புதுப்புது மாத்திரைகள் வந்ததும் பலரும் அதை மறந்துவிட்டார்களாம்.

"ஏன் கேக்குதுன்னு முழுசா யாருக்கும் தெரியாதும்மா. எல்லாக் குழந்தைக்கும் கேக்காது. மலச்சிக்கல் வரும், கிட்னியில கல்லு வரலாம், வளர்த்தி குறையலாம். நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம்," என்றார். தெரியாது என்று என்னிடம் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அதனாலேயே நம்பினேன்.

அன்றிலிருந்து வெண்ணெய், முட்டை, தேங்காய், கொஞ்சம் கீரை என்று நிறுத்துக் கொடுப்பதைத்தான் தின்கிறாள். சிறுநீரில் தோய்க்கும் காகிதம் ஊதாவாக மாறினால் சாப்பாடு சரியாகப் போகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் கம்பெனி பஸ் ஏறுகிறேன். ஆம், நான் வேலைக்குப் போகிறேன். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புதிதாக வந்த கம்பெனியில், ஒயர் இணைக்கும் லைனில். ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டால் சூப்பர்வைசர் முகத்தைச் சுளிப்பார், அப்புறம் ஓ.டி. பார்த்து ஈடுகட்டுவேன்.

வீட்டைச் சுற்றிலும் நெல் வயல், வீட்டுக்குள் சோறு கேட்டு அழும் குழந்தை. பக்கத்து வீட்டுப் பாக்கியம் குழாயடியில் என் காதுபடவே சொன்னாள்: "தாயில்லாப் புள்ளைக்கு ஒரு வாய் சோறு போடாம கொன்னுக்கினு கீறா." குடத்தை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, பிழைத்தாள்.

மாமாவாலும் தாங்க முடியவில்லை. பங்குனியில் ஒரு நாள், நான் வேலைக்குப் போயிருந்தபோது, தன் தட்டிலிருந்து ரசம் சோறு பிசைந்து ஊட்டிவிட்டார். சிரித்துச் சிரித்துத் தின்றாளாம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து, பெஞ்சிலிருந்து விழுந்து நெற்றி கிழிந்தது. தையல் போட்டார்கள். பெற்ற மகளுக்குச் சோறு ஊட்டிய மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

அப்படிப்பட்டவரே இந்த ஆடியில் பிடிவாதமாக நின்றார். "சோறு நான் குடுத்தது, அதான் அப்டி ஆயிட்ச்சி. கூழு அம்மன் குடுக்கறது, அது இன்னா பண்ணும்? உங்க அக்கா வாக்கு குடுத்துட்டுப் போயிருக்கா. அவ பேச்ச நான் எப்டி தள்றது?"

உன் பெயரைச் சொன்னதும் சின்னப் பானையைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தேன். ஆனால் கேழ்வரகு மாவும் அரிசி நொய்யும் போட்டுக் காய்ச்சுவதுதானே கூழ்? அம்மன் கொடுத்தால் மட்டும் அது வெண்ணெய் ஆகிவிடுமா?

காலையில் மஞ்சள் பாவாடை கட்டி, வேப்பிலை செருகிய சின்னப் பானையைத் தலையில் வைத்து வந்தாள். நீ பார்த்திருக்க வேண்டும். அதுவரை நான் தடுக்கவில்லை. படையல் முடிந்து பூசாரி முதல் கூழை மாமா கையில் கொடுத்தார். சொம்பு அவள் வாயருகே போனபோது நான் குறுக்கே கையை வைத்துவிட்டேன்.

"வேணாம் மாமா."

"கைய எடு. ஊரு பாக்குது."

"பாக்கட்டும். இவ வுழுந்தா ஊரா தூக்கிக்கினு ஓடும்?"

கூட்டம் சலசலத்தது. பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுமதி சொம்பையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "குடிச்சா மறுபடியும் தையல் போடுவாங்களாப்பா?"

மாமாவுக்கு முகம் கோணிக்கொண்டு போயிற்று. "ஆத்தா, இவளுக்கு வர்றது எனக்கு வரட்டும்," என்று சொல்லி, சொம்பை அப்படியே தன் வாயில் கவிழ்த்துக்கொண்டார். தாடியில் கூழ் வழிய நின்று அழுதார். பூசாரி சுமதியின் நெற்றியில் விபூதி பூசினார்.

இப்போது நீ சொல். நான் செய்தது தப்பா? நாளைக்கே அவளுக்கு வலிப்பு வரலாம். இந்தச் சாப்பாட்டிலும் வரும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருக்கிறார். வந்தால் அம்மன் கோபம் என்று ஊர் என்னைத்தான் கைகாட்டும். சற்றுமுன் மாமாவே கேட்டார், "வந்துட்ச்சின்னா இன்னா பண்றது?"

"வந்தா மெட்ராஸுக்குத் தூக்கிக்கினு போவோம் மாமா. உங்க மேலயும் தப்பு இல்ல, ஆத்தா மேலயும் தப்பு இல்ல." அவருக்குச் சொன்ன தைரியம் எனக்கு இல்லை, அக்கா.

சில குழந்தைகளுக்கு ஓரிரு வருடத்தில் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கலாமாம். அந்த நாள் சுமதிக்கு வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால், உன் வேண்டுதல் கூழை நானே அவளுக்கு ஊட்டுவேன். வராவிட்டால், ஒவ்வோர் ஆடியிலும் இதேபோல் குறுக்கே கை வைப்பேன். நீயே எதிரில் வந்து கையை எடு என்று சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

உன் பேச்சைத் தட்டிய தங்கை,
உன் சுமதியின் சித்தி,
வசந்தா