மகளின் படிவமும் என் மைப்பேனாவும்

12-6-1998, வெள்ளி

சுமதியின் சிங்கப்பூர் வேலைப் படிவத்தை பால்பாயிண்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். இருபது வருடமாக என் கைக்கென்றே தேய்ந்த நிப்பை விட மனமில்லாமல், மைப்பேனாவிலேயே எழுதினேன். திருப்பதி ஏஜென்டிடம் கொடுக்கப் போன பஸ் நெரிசலில், சட்டைப்பையில் இருந்த படிவத்தில் வியர்வை பட்டு முத்து முத்தான எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது.

"சிங்கப்பூருக்கு நான் போறனா, உன் பேனா போவுதா நைனா?" என்றாள்.

ஏஜென்ட் ஆபீசில் புதுப் படிவம் வாங்கி அவளே பால்பாயிண்டில் நிரப்பினாள். தகப்பன் கையெழுத்து மட்டும் அதே பால்பாயிண்டில் நான் போட்டேன். அழுத்திப் பழகாத கை. கோழி கிளறியதுபோல் வந்தது.

"ஏமண்டி, இது நீங்க போட்டதுதானா?" என்று குமாஸ்தா சந்தேகப்பட்டார்.

"நைனாவுக்கு எழுதப் படிக்க வராது சார். கையெழுத்து மட்டும் கத்துக்கினாரு."

தெருவுக்கே மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். ஆமாம் என்று தலையாட்டினேன். படிவத்தை வாங்கிக்கொண்டார்கள்.