கழன்று விழுந்த பட்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா அதட்டினால்தான் மாத்திரை போடுகிறீர்களா?

நேற்று இங்கே ஒரே கூத்து. போர்விமானத்தில் ஆபத்து வந்தால் விமானியை அப்படியே வெளியே தூக்கி எறியுமே ஓர் இருக்கை, அதைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் எங்கள் சட்டைப் பட்டனைக்கூட எண்ணிப் பார்ப்பார்கள். என் சட்டையில் ஒன்றைக் காணோம். நீங்கள் தைத்தனுப்பிய சட்டைதான்!

"யாரும் நகரக்கூடாது, விமானமும்தான்!" என்று மேலதிகாரி கத்தினார். விமானி இழுக்கும் கைப்பிடியில் சின்னப் பொருள் சிக்கினாலும் போதும், இருக்கை தரையிலேயே வெடித்துக் கிளம்பலாம். இல்லையென்றால், உயிர் போகிற நேரத்தில் அசையாமல் கிடக்கலாம். இருக்கையையே கழற்றித் தேடினோம். பட்டன் இல்லை. ஆனால் கைப்பிடிக்கு அடியில், யாரோ எப்போதோ தவறவிட்ட ஒரு திருகாணி மாட்டியிருந்தது!

பட்டன் கடைசியில் என் பூட்ஸுக்குள் கிடந்தது.

"யாரும்மா இந்தச் சட்டையத் தச்சது?" என்று அந்த இருக்கையில் உட்கார்ந்து பறக்கும் விமானி கேட்டார்.

"எங்கப்பா."

விறைப்பாக நின்று என் சட்டைக்கு ஒரு சல்யூட் அடித்தார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தோம்.

உங்கள் தையல் நிற்காது என்று சொல்லும் அம்மாவிடம் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இங்கேயும் தையல்காரர் இருக்கிறார். ஆனாலும் சட்டையை உங்களுக்குத்தான் அனுப்புகிறேன். வேறு பட்டன் வைத்துத் தையுங்கள். கழன்ற பட்டன் என்னிடமே இருக்கட்டும்.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்