மணிக்கு முப்பது கல்

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள லிஜி,

மாதா உங்களைக் காக்கட்டும். மாமிக்கு முட்டுவலி குறைந்ததா? போனில் பேசினால் அவர்களுக்கும் கேட்டுவிடும். அதனால்தான் லீவில் இராஜாக்கமங்கலம் வரும் ஷிபுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பதறாதே. உன் தம்பி ரெஜினுக்கு வலது கையில் சின்ன அடி.

ஒரு கொத்தனார் மணிக்கு எத்தனை கல் கட்டுகிறார் என்று அளந்து எழுதுவதுதானே என் வேலை. கனத்த சிமெண்ட் கல், பதினைந்து கட்டினாலே பெரிது. போன வாரம் ரெஜினை அளந்தேன். "அத்தான், உங்க பேப்பரு நல்லா வரட்டு, எழுதிக்கிடுங்க" என்று முப்பது கட்டிவிட்டான், மடையன். நானும் எழுதினேன். ஆபீஸ் அதையே எல்லோருக்கும் அளவாக்கிவிட்டது. கட்டி முடிக்காதவர்களை உச்சி வெயிலிலும் விடவில்லை. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் எழவே இல்லை.

நேற்று கொத்தனார்கள் ஆறு பேர் ரெஜினைப் பிடித்து, அவன் கையை ஒரு கல்மேல் வைத்து, இன்னொரு கல்லால் இடித்தார்கள். "முப்பது வேணும்லா? எண்ணுலே!" என்று அவனையே எண்ண வைத்தார்கள். ஏழாவது இடியில் நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு இரண்டு பல்தான் போனது.

இதனால் நாற்பது நிமிடம் வேலை நின்றதாக ஆபீஸில் என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன்.

ஷிபுவுக்கு வண்டி வந்துவிட்டது. அவன் திரும்பும்போது எலாஸ்டிக் வைத்த நிக்கர் இரண்டு கொடுத்தனுப்பு. ஒற்றைக் கையால் ரெஜினுக்குக் கைலி கட்ட முடியவில்லை. நான் கட்டிவிடக் குனிந்தால் முகத்திலேயே உதைக்கிறான்.

உன்,
ஜெனிஷ்