நாற்பத்து மூன்றாம் அளவுச் சப்பாத்து

6 டிசம்பர் 1987, ஞாயிறு

மலை உணவகத்து வேலை உண்மை. உறுதிசெய்தவர் சொந்தக்காரி ஜிஸ்லேன் அம்மையார், இன்று காலை பதினொரு மணிக்கு, தொலைபேசியில். கணவன் மனைவியாக இருவர் தேவை. சமையலுக்கு அற்புதராணி, மேசைக்கு நான். கீழே கிராமத்தில் தனி அறை தருவார். இங்கே பாரிஸில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், ஒரு துணித்திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும். மூன்று வருடம்.

நிபந்தனை ஒன்று. மாலை நாலரைக்கு மலையேற்றும் கம்பிவட நாற்காலி நின்றுவிடும். அதன் பிறகு வேலையாட்கள் ஸ்கியில், காலில் பூட்டும் பனிச்சறுக்குப் பலகையில்தான், கிராமத்துக்கு இறங்க வேண்டும். ஜனவரி 10 இருவரும் இறங்கிக் காட்ட வேண்டும். ஒருவர் தவறினாலும் வேலை வேறு சோடிக்கு.

எனக்கு ஐம்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்தாறு. பனியை நடைபாதையில்தான் மிதித்திருக்கிறோம். பழகலாம்.

12 டிசம்பர்

திரைக்கு அந்தப் பக்கத்துக் குகதாசனோடு சப்பாத்து வாங்கப் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். போன மாரிக்குளிரில் அதே மலையில் வேலை செய்தவர்.

“பெரிசா எடுங்கோ அண்ணை. குளிருக்கு மூண்டு சோடி சொக்ஸ் போடவேணும்.”

என் அளவு 41. வாங்கியது 43. ஊரில் பள்ளிக்கூடச் சப்பாத்தும் அப்படித்தானே வாங்கினோம்? ஸ்கி, என் உயரத்துக்கு மேல் ஒரு சாண். நீளம்தான் நல்லதென்றான் விற்றவன்.

அற்புதராணி பார்த்துவிட்டுச் சொன்னது: “கலியாணக் கோட்டும் இப்பிடித்தான், வளர வைச்சுத் தைப்பிச்சனீங்கள். இருவத்திரண்டு வருசமாச்சு. எப்ப வளரப் போறியள்?”

அவள் எதுவும் வாங்கவில்லை. அங்கே போய் வாடகைக்கு எடுப்பாளாம்.

3 ஜனவரி 1988

பழகுவதற்காகக் கிராமத்துக்கு வந்து இரண்டாம் நாள். பதினொரு முறை விழுந்தேன். அற்புதராணி மூன்று முறை.

சப்பாத்துக்குள் கால் திரும்புகிறது, சப்பாத்துத் திரும்பவில்லை. பலகை தன்பாட்டுக்கு நேரே போகிறது. முன்காலில் தோல் உரிந்துவிட்டது.

வயசுதானோ? இல்லை. அவளுக்கும் எனக்கும் ஐந்து வருடம்தான் வித்தியாசம்.

4 ஜனவரி

வாடகைக் கடைக்காரர் பெர்னார் என் சப்பாத்தின் உள்மெத்தையை உருவினார். வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்னே முட்ட நிற்கச் சொன்னார். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் போக வேண்டும். என் சப்பாத்தில் அவர் கை முழுவதும் போயிற்று. சிரிக்கவில்லை, அதற்கு நன்றி.

மெல்லிய காலுறை, ஒரே சோடி. பழகுகிறவனுக்கு ஸ்கியின் நுனி நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நின்றால் போதும் என்றார். கம்பிவட நாற்காலியை இயக்கும் எமிலைத் தனியே கேட்டேன். வார்த்தை மாறாமல் அதையே சொன்னார்.

மாலை குகதாசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீர் என்ன அளவு போட்டு ஸ்கி ஓடினீர்?

“நான் எங்கை அண்ணை ஓடினது? கீழை ஹோட்டலிலை கோப்பை கழுவினனான். பனி வழிக்கிற சப்பாத்தையெல்லோ சொன்னனான்.”

இருபத்தாறு வருடப் பத்திரிகை வேலையில் ஒருவர் வாயை மட்டும் நம்பிச் செய்தி எழுதியதில்லை. அவர் ஓடினாரா என்று ஒரு கேள்வி — அதைக் கேட்காமல் விட்டேன். பிழை என்னுடையது.

5 ஜனவரி

வாடகைக்கு 41, கூடவே குட்டை ஸ்கி. பாதம் விண்விண் என்றது. கழற்றவில்லை.

8 ஜனவரி

நிமிர்ந்து நின்றால் விரல் முன்னே முட்டுகிறது. முழங்காலை மடித்தால் பின்வாங்குகிறது. பெர்னார் இதைத்தான் அளவு என்கிறார். நான் சாய்ந்தால் பலகையும் சாய்கிறது. நான்கு முறை இறங்கினேன், விழுந்தது ஒருமுறை.

“இப்ப ஆம்பிளை மாதிரி நிக்கிறியள்,” என்றாள் அற்புதராணி. முன்பு? “கொடியிலை காயப்போட்ட காற்சட்டை.”

10 ஜனவரி, ஞாயிறு

அற்புதராணி விழாமல் இறங்கினாள். அவளுக்குச் சரி என்று ஜிஸ்லேன் அம்மையார் அங்கேயே சொன்னார்.

நானும் விழவில்லை. ஆனால் கடைசித் திருப்பத்தில், மர நிழலில் பனி கண்ணாடியாக இறுகியிருந்த இடத்தில், நின்று நின்று வந்தேன். அதை அவர் பார்த்தார். அந்த இடத்தை மட்டும் வியாழன் காலை இன்னொருமுறை இறங்கிக் காட்ட வேண்டுமாம்.

சமையல் அவசரம், அற்புதராணி இன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம் என்றும் சொன்னார். அவள் பேனையை வாங்கி, மூடி, மேசையில் வைத்தாள்.

“இவர் வைச்சாப் பிறகு நான் வைக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”

பிரெஞ்சில் சொன்னவன் நான்தான்.

இறுகிய பனியில் வழுக்காமல் பிடிக்க, ஸ்கியின் விளிம்பைத் தீட்டப் பெர்னாரிடம் கொடுத்திருக்கிறேன். நாளை ஐந்து மணிக்குத் தருவார். இரண்டு கையெழுத்துகளும் நிலுவை: வியாழன், 14ஆம் தேதி, காலை எட்டரை.