போர்மேன் வீட்டு நாய்

இன்று காலை எங்கள் வீட்டில் பருப்பு தீய்ந்துவிட்டது. என் மனைவி கைபேசியில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்ததில் அடுப்பை மறந்துபோனாள். குக்கரைத் திறந்ததும் கருகல் வாடை கூடம் வரை வந்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "இங்கனதான உக்காந்திருக்கீக, மூக்கு எங்க போச்சு?" என்று என்னைத் திட்டினாள். என் மூக்கு அதற்குள் உன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

நீ போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. நமக்குள் கடிதம் எழுதும் வழக்கம் இருந்ததில்லை. நாலு வீடு தள்ளி இருப்பவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், பாதியிலேயே நிறுத்தி, "உனக்கு இதை யார்லே சொன்னது?" என்று கேட்டிருப்பாய். இப்போது நீ குறுக்கிட முடியாது. முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகம் உனக்கு வெறும் குணமல்ல, தொழில். எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் நீ போர்மேனாக இருந்தபோது, காலையில் வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சோதிப்பாய். பீடி வாடை அடிக்கிறதா, சட்டைப்பையில் கைபேசி இருக்கிறதா, இடுப்பு பெல்ட்டில் இரும்பு பக்கிள் இருக்கிறதா. சொந்த மச்சினனையே வாசலோடு திருப்பி அனுப்பியவன் நீ. "சந்தேகப்படாத போர்மேன் சுடுகாட்டுக்கு ஆள் சேக்குறவன்லே" என்பாய். நீ இருந்த காலம் முழுதும் அந்தக் கம்பெனியில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதனால் உன் சந்தேகத்தை யாரும் குறை சொன்னதில்லை.

உன் காது அதைவிடப் பேர் வாங்கியது. புதுச் சரக்கைப் பொட்டலில் வைத்து வெடித்துப் பார்ப்பார்கள். நீ வெடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய். சத்தம் கேட்டதும், "மருந்து சரியாக் காயல", "நூல் சுத்து இறுகல" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாய். நான் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எனக்குக் கண், உனக்குக் காது என்று நாம் பெருமையடித்துக்கொண்டதுண்டு.

நீ ஓய்வு பெற்று, உன் மனைவியும் போன பிறகுதான் அந்த நாய் வந்தது. ஆனைக்குட்டம் அணைக்குப் போய்விட்டு என் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டோரத்தில் ஒரு குட்டி தன் வாலையே துரத்திச் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னாய். "பத்தவச்ச தரைச்சக்கரம் மாதிரில்ல சுத்துது" என்று தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். பெயரும் அங்கேயே முடிவாகிவிட்டது. சக்கரம்.

முதலில் அது சாதாரண நாயாகத்தான் இருந்தது. காலையில் கம்பெனி வேனைப் பார்த்தால் குரைக்கும், வேற்று நாய் வந்தால் குரைக்கும், அவ்வளவுதான். பிறகு, எப்போதிலிருந்து என்று சொல்ல முடியாதபடி, குரைப்பு கூடிக்கொண்டே போனது. பால்காரர் வந்தால் குரைத்தது. அவர் போன பிறகும் குரைத்தது. வாசலில் யாருமே இல்லாதபோதும், வீட்டுக்குள் உன் முன்னால் நின்றுகொண்டு தொண்டை கட்டும்வரை குரைத்தது.

தெரு பொறுமை இழந்தது. எதிர்வீட்டு ஜெசிந்தா சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்க வேண்டியவர். ஒருநாள் கண் சிவந்து, உன் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அண்ணாச்சி, நாயைக் கொஞ்சம் பாருங்களேன். ஒரு மணி நேரமாச்சும் கண்ணை மூடணும்ல."

நீ அவர் வாயையே உற்றுப் பார்த்தாய். அவர் போன பிறகு என்னிடம், "என்னமோ முணுமுணுத்துட்டுப் போகுது பாரு. நேராப் பேசினா என்னவாம்?" என்றாய்.

அடுத்த முறை சிஸ்டர் கேட்டின் கம்பிகளுக்கு இடையே ஒரு ரொட்டித்துண்டை நீட்டினார். நாயைப் பழக்கிக்கொண்டால் குரைப்பு குறையும் என்று நினைத்திருக்கிறார். நீ பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி, முகர்ந்து பார்த்து, சாக்கடையில் எறிந்தாய். "நாய்க்கு மருந்து வைக்கிறவுகளை எங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்று நீ கத்தியதைத் தெருவே நின்று பார்த்தது. சிஸ்டர் தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால், எனக்கே ஒரு கணம் அந்த ரொட்டியின் மேல் சந்தேகம் தட்டியது. சந்தேகம் சளி மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்தாலே ஒட்டிக்கொள்கிறது.

அந்த வருஷம் உன்னிடமிருந்து யாருமே தப்பவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் பேசினால், "மாப்பிள்ளை பக்கத்துல நிக்காரு, அதான் அமுக்கிப் பேசுறா" என்பாய். தீபாவளிக்குப் பழைய கம்பெனியிலிருந்து வந்த கிஃப்ட் பாக்ஸைப் பிரித்து ஒரு வெடியைக் கொளுத்தினாய். என் காது அடைத்துப்போனது. நீ முகத்தைச் சுளித்தாய். "சத்தமே இல்லலே. எனக்குன்னு மட்டச் சரக்காப் பாத்து அனுப்பியிருக்கானுக." நீ விளையாடுகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். நான் சிரித்ததற்கும் நீ ஒரு காரணம் கற்பித்திருப்பாய்.

நாயை அடக்க நீ பாடுபடாமல் இல்லை. குரைத்தால் முகத்தில் தண்ணீர் தெளித்தாய். செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் அடித்தாய். களைத்துப் போனால் சும்மா கிடக்கும் என்று சாயங்காலங்களில் வெகுதூரம் நடத்திக் கூட்டிப்போனாய். வாயை மூடிக்கொண்டிருந்தால் கறித்துண்டு கொடுத்தாய். கறியைத் தின்றுவிட்டு அது குரைத்தது.

கடைசியில் ஆட்டோ பிடித்து, விருதுநகரில் ஒரு கால்நடை டாக்டரிடம் போனோம். இளவயதுக்காரர். முகக்கவசம் போட்டிருந்தார். சக்கரத்தின் வாயைத் திறந்து பார்த்தபடியே உன்னிடம் கேட்டார். "எந்த நேரத்துல ரொம்பக் குரைக்குது?"

"நாட்டு நாய்தான் சார். அணைப் பக்கம் கிடைச்சுது" என்றாய்.

"இல்லங்க, எப்பெப்பக் குரைக்குதுன்னு கேட்டேன்."

"ஊசியெல்லாம் போட்டாச்சு."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, உன் முகத்துக்கு நேரே அதே கேள்வியைக் கேட்டார். இப்போது சரியாகச் சொன்னாய். "குக்கர் வச்சாக் குரைக்கும். போன் வந்தாக் குரைக்கும். கேட் பக்கத்துல யாராச்சும் நின்னாக் குரைக்கும்."

நீ நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனதும் டாக்டர் என்னை நிறுத்தினார். "நாய்க்கு ஒண்ணும் இல்ல சார். அவர் சொன்னதெல்லாம் சத்தம் வர்ற நேரம். அவர் திரும்பலைன்னுதான் அது குரைக்குது. முதல்ல அவர் காதைப் பாக்கச் சொல்லுங்க."

வாசலில் நின்று நீ எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆட்டோவில் ஏறியதும் கேட்டாய். "என்னலே குசுகுசுன்னு பேசினீக? ஊசியப் போட்டுக் கொன்னுரலாம்னானா?"

"நாயைப் பத்தி இல்லலே. உன் காதைப் பத்தி."

"என் காதா?" உன் முகம் மாறிப்போனது. "என் காதை வச்சுத்தான்லே அந்தக் கம்பெனி சரக்கு பேர் வாங்குச்சு. அந்த நர்சம்மா சொல்லிக் குடுத்ததா இது? எல்லாரும் சேந்து என்னையக் கிறுக்கனாக்கி, நாயைத் தூக்கிட்டுப் போகப் பாக்குறீகளா?"

தெருமுனை வரும்வரை சக்கரத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாய். இறங்கியதும், "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதே" என்று மட்டும் சொன்னாய்.

சில நாட்களில் சக்கரத்தின் வாயில் தோல் வாய்ப்பூட்டு ஏறியது. தெரு அமைதியானது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஆனால் வராதே என்று சொன்னவன் வீட்டுக்குள் எப்படி நுழைவது?

வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் உன் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நான் தெருவுக்கு வந்தேன். நீ முன்வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாய். பூட்டிய வாயோடு சக்கரம் உன் காலடியில் முட்டி மோதியது, முன்காலால் வேட்டியைப் பிறாண்டியது. நீ காலால் அதைத் தள்ளிவிட்டாய். விசில் நின்றது. பக்கவாட்டு ஜன்னலில் புகை தெரிந்தது. நான் ஓடத் தொடங்குவதற்குள், அவிழ்ந்த கூந்தலும் தூக்கக் கலக்கமுமாக சிஸ்டர் என்னைத் தாண்டி ஓடி, பின்கதவு வழியாக உள்ளே போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் காஸை மூடியிருந்தார். அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் திரை பற்றியிருந்தது. அதைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். தீய்ந்த பருப்பு வாடை உன் மூக்குக்கு எட்டியதும் நீயும் எழுந்து வந்தாய். புகைக்குள் நின்ற அவரைப் பார்த்ததும், "என் வீட்டுக்குள்ள உனக்கு என்ன வேலை?" என்று கத்தினாய்.

அவர் பயப்படவில்லை. கிட்டத்தில் வந்து, உன் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எதிர்வீட்ல தூங்கிட்டு இருந்த எனக்கு விசில் கேட்டுச்சு அண்ணாச்சி. உங்களுக்குக் கேக்கலையா?"

நீ குக்கரைப் பார்த்தாய். கருகிய திரையைப் பார்த்தாய். திரை தொங்கிய இடத்துக்குக் கீழே நின்ற சிலிண்டரைப் பார்த்தாய். தீயை உன்னைவிட அறிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை. அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நீ மனதுக்குள் கணக்குப் போட்டதை நான் உன் முகத்தில் கண்டேன். இத்தனை ஆண்டுகள் எத்தனையோ பேரை வாசலில் நிறுத்திச் சோதித்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். சக்கரத்தை இழுத்து வாய்ப்பூட்டை அவிழ்க்கப் பார்த்தாய். அவசரமாக இழுத்ததில் வார் இன்னும் இறுகியது. சிஸ்டர்தான் குனிந்து கழற்றிவிட்டார். அது உன் முகத்துக்கு நேரே ஒரே ஒரு முறை குரைத்தது.

"கேக்குது" என்றாய். "இப்பக் கேக்குது."

கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டரைப் பார்த்து, "அன்னைக்கு அந்த ரொட்டி..." என்று தொடங்கினாய். பூட்டின் தடம் விழுந்த சக்கரத்தின் மூக்கைத் தடவிக்கொடுத்தாய்.

"பேக்கரி ரொட்டிதான் அண்ணாச்சி. எங்க வீட்டுக்கு வாங்கினது."

"இன்னும் இருந்தாக் குடுங்க. அதுக்குப் பசிக்கும்" என்றாய். நீ மன்னிப்புக் கேட்டது அப்படித்தான். சிஸ்டருக்கு அது புரிந்தது.

மதுரையில் காது டாக்டரை ஏற்பாடு செய்தவரும் சிஸ்டர்தான். காதில் மாட்டிக்கொள்ள அவர் கொடுத்த சின்ன மிஷினையும் நீ விட்டுவைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்து, "நான் பேசுறதெல்லாம் இது வழியா எவனுக்காச்சும் போகுமாலே?" என்று என்னிடம் கேட்டாய். ஆனால் திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்டக்டரின் விசிலுக்கும், பின்சீட்டுக் குழந்தையின் சிணுங்கலுக்கும், யாரோ கடலை உரிக்கிற சத்தத்துக்கும் மாறி மாறித் திரும்பிக்கொண்டே வந்தாய். விருதுநகர் தாண்டியதும் என் கையைத் தட்டினாய்.

"ஏலே, அம்புட்டு நாளும் அது உங்களைப் பாத்துக் குரைக்கலைலே. என்னையத்தான் கூப்பிட்டிருக்கு."

அதற்குப் பிறகு சக்கரத்துக்கு யாரும் ஒன்றும் பழக்க வேண்டியிருக்கவில்லை. போன் அடித்தால் அது எழுவதற்கு முன் நீ எழுந்தாய். அது உன்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்துக்கொண்டது. சிஸ்டர் பகலில் தூங்கினார். உன் சந்தேகங்கள் மட்டும் முழுதாகப் போகவில்லை. நான் நீளமாக ஏதாவது சொல்லத் தொடங்கினால் மிஷினைத் திருகி அணைத்துவிட்டு, கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாய். அது எனக்குத் தெரியாது என்று நீ நினைத்திருந்தாய்.

நீ போனதும் ஒரு முற்பகலில்தான். அதே முன்வாசல் நாற்காலி. வெகுநாள் கழித்துச் சக்கரம் விடாமல் குரைத்தது. இந்த முறை யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை. சிஸ்டர் ஓடி வந்தார், நான் ஓடி வந்தேன், தெருவே ஓடி வந்தது. நீ மட்டும் திரும்பவில்லை.

சக்கரம் இப்போது சிஸ்டர் வீட்டில் இருக்கிறது. உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு பழக்கம்தான். எந்தத் தெருவில் நாய் குரைத்தாலும் நின்றுவிடுகிறேன். அது யாரைக் கூப்பிடுகிறது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடிவதில்லை. போன மாதம், அச்சக வேலையாகப் போன ஒரு தெருவில், சாத்திய கதவைப் பார்த்து ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நானே கதவைத் தட்டினேன். நம் வயதுக்காரர் ஒருவர் திறந்தார்.

"என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். உங்க நாய் உங்களைக் கூப்பிடுது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பையைப் பார்த்தார். தெருவின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு நாயை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, என் முகத்தில் அடிக்காத குறையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். உள்ளே குரைப்பு நின்றது. அது போதும் என்று நான் நடந்தேன்.