சொன்னவனுக்கு முதல் கை

ஜனவரி 17, 2025 – வெள்ளி

ஃபேக்டரியில் ஒரு போர்டைத் தவறாகச் சோதித்தால் அதற்கு விசாரணை உண்டு. பினாங்கில் நூர் முகம்மது பாயின் பழைய சாமான் கடையில் நாங்கள் நான்கு பேர் வாராவாரம் ஒரே தவறைச் செய்கிறோம். அதற்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வேறு.

தவறு இதுதான். பழைய ரேடியோ எங்காவது ஏலத்துக்கு வருகிறது என்று ஒருவன் காதில் விழுந்தால், அவன் மற்ற மூவரிடமும் சொல்லிவிட வேண்டும். ஏலத்துக்கு முன்பே யாருக்கு எது என்று பேசி முடித்துவிடுவோம். செய்தி கொண்டுவந்தவன் முதலில் தேர்ந்தெடுப்பான். ‘சொன்னவனுக்கு முதல் கை’ என்பார் பாய், ஏதோ வேதவாக்கு மாதிரி. ஒருவன் எடுத்ததன்மேல் இன்னொருவன் ஏலம் கேட்கக் கூடாது.

போன மாதம் தைப்பிங் ஏலத்தைக் கண்டுபிடித்தது நான். நல்ல ரேடியோ மூன்று. எனக்கு ஒன்று. மற்ற இரண்டும் இவர்கள் வீட்டில். வாயை மூடியிருந்தால் மூன்றும் என்னுடையது. இன்று அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

“திருநாவுக்கரசு சாருக்குப் பங்கு பத்தலையாம்,” என்றார் ராம்நாத். செட்டியார் வீட்டுப் பிள்ளை, பைனான்ஸ் ஆபீஸ், அயர்ன் கலையாத சட்டை. “தனியா தின்னு, தனியா செரிச்சுக்க தம்பி.”

“செய்திக்கு விலை இருக்கு. அத சும்மா குடுக்கறவன் முட்டாள்,” என்றேன்.

சிரிக்காதவர் சிவநேசன் அண்ணன் மட்டும்தான். “அரசு சொல்றதுலயும் விஷயம் இருக்கு லா.”

அவர் கவலை அவருக்கு. மாக் மண்டினில் லேத் பட்டறை. அந்த வாடகைக் கட்டடத்தை விற்கிறார்கள். பக்கத்திலேயே சின்ன இடம் ஒன்று பார்த்திருக்கிறார். “மார்ச் முடியறதுக்குள்ள முன்பணம் கட்டலைன்னா, லேத்த கிலோ கணக்குலதான் போடணும்,” என்று சிரித்தார். வால்வுக்கும் பல்புக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். அவர் வீட்டில் பாடுகிற ஒவ்வொரு ரேடியோவையும் பாட வைத்தது நான். சும்மா.

ஜனவரி 24 – வெள்ளி

பாய் கடைக்குப் போகவில்லை. ஓவர்டைம் என்று அனுப்பினேன்.

ஜனவரி 26 – ஞாயிறு

கிடைத்தது. கோலாலம்பூர் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் ஏலம். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்ட கிளப்பில் கிடந்த ஜெர்மன் ரேடியோகிராம், இசைத்தட்டும் பாடும் பெரிய ரேடியோப் பெட்டி. அது எங்கே போனது, யார் தூக்கிப் போனது என்று நாங்கள் நால்வரும் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். முன்பக்கம் மட்டும் ஒரு மங்கலான படம். போதும்.

யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுகமா?

பிப்ரவரி 8 – சனி

ஷிப்ட். கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க, போனிலேயே ஏலம் கேட்டேன். என் எண் 22. ஒரு தடவை பதிந்துகொண்டால் அந்தக் கம்பெனியில் என்றைக்கும் அதே எண். பெயர் யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் சீக்கிரமே கழன்றுகொண்டார்கள். எதிரே நின்றது 14 மட்டும்.

நான் ஏற்றினால் 14 உடனே ஏற்றுகிறான். யோசிப்பதே இல்லை. எனக்குச் சூடு ஏறியது.

நடுவில்தான் கவனித்தேன், இன்றைக்குப் புதுப் படம் ஒன்று சேர்த்திருக்கிறார்கள், விளக்கெரியும் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைக் கண், ஸ்டேஷன் பிடிபட்டதைக் காட்டும் சின்ன வால்வு. ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால்தான் அந்தக் கண் முழுசாக மூடும். இல்லாவிட்டால் நடுவில் நிழல் ஒன்று விசிறி போல விரிந்திருக்கும். படத்தில் முள் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நிற்கிறது. கண்ணில் நிழலே இல்லை. அவ்வளவு பழைய கண் இப்படிப் பளிச்சென்று எரியவும் எரியாது. எல்இடி. எவனோ அசலை நோண்டி எடுத்துவிட்டுப் பச்சை பிளாஸ்டிக்குக்குப் பின்னால் விளக்கு வைத்திருக்கிறான். கண்ணே பொய் என்றால் வயிற்றில் என்ன இருக்கும்?

அந்த இடத்தில் விலகியிருக்கலாம். விலகவில்லை. யோசிக்காமல் ஏற்றுகிறவனுக்கு ஒரு பாடம் வேண்டாமா? ஏற்றினேன். ஏற்றினான். மறுபடி ஏற்றினேன். அதன் மதிப்பைப்போலப் பத்து மடங்கு விலையைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டேன். மணி அடித்தது. 14-க்கு வாழ்த்துகள் என்று திரையில் பூ விழுந்தது.

வெறும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழட்டும். மீ கோரெங் ருசியாகவே இருந்தது.

பிப்ரவரி 11 – தைப்பூசம்

தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் ஒன்றிலிருந்து ஒரு கை என்னை உள்ளே இழுத்தது. சிவநேசன் அண்ணன். நெற்றி நிறைய விபூதி, கையில் சிராப் சர்பத் வாளி. உறுமிச் சத்தத்தில் காதோடு கத்தினார்.

“பாய்கிட்ட சொல்லிடாத. நான் உன் கட்சிக்கு வந்துட்டேன் லா!”

“என்ன கட்சி?”

“செய்திய வாயிலயே வெச்சிக்கிற கட்சி. நிபோங் திபால் ரேடியோகிராம எடுத்துட்டேன். ஒருத்தன்கிட்டயும் மூச்சு விடல, உன்கிட்டகூட. ஹோட்டல் முதலாளி, தவுக்கே ஒருத்தரு கேட்டு வெச்சிருக்காரு. அவரு கைக்கு மாத்திட்டா பட்டறை முன்பணம் போக மிச்சமும் நிக்கும்.”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“எவனோ இருபத்திரெண்டாம் நம்பரு தம்பி. வெறி புடிச்ச நாய் மாதிரி விடவே இல்ல. முன்பணத்துக்கு வெச்சிருந்ததெல்லாம் அதுலயே போச்சு. பரவால்ல, ஒரு வாரத்துல வந்துரும்.”

அவர்தான் 14.

அந்தக் கூட்டத்துல என்னத்த சொல்றது? சொன்னா மட்டும் காசு திரும்பி வந்துருமா? எனக்கு அது அவருன்னு தெரியாது. தெரியாதுல்ல? தெரிஞ்சிருந்தா –

தெரியாது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 15 – சனி

அண்ணன் வீடு. ஹாலில் டிவியை ஓரங்கட்டிவிட்டு ரேடியோகிராமை நிறுத்தியிருக்கிறார்கள். அவர் மனைவி புஷ்பவள்ளி அக்கா அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருக்கிறார்.

“நாளைக்குத் தவுக்கே வர்றாரு. இன்னிக்குப் பாட வெச்சிரு,” என்றார் அண்ணன்.

பின்பலகையைக் கழற்றினேன். வால்வு ஒன்றுகூட இல்லை. எப்போதோ கழற்றி விற்றிருக்கிறார்கள். உள்ளே ஒரு கார் ரேடியோவை டேப் போட்டு ஒட்டியிருந்தது. இரண்டு ஒயர் எல்இடிக்கு.

“அண்ணே, இது வெறும் பொட்டி. கண்ணு பொய். தவுக்கே எடுக்க மாட்டாரு. திருப்பியும் குடுக்க முடியாது, ‘உள்ளது உள்ளபடி’ன்னு போட்டுத்தான் வித்திருப்பான்.”

அண்ணன் குனிந்து உள்ளே பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரியும்? ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு படம் அனுப்பியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்,” என்றேன். உண்மைதான்.

அக்கா அடுப்படி வாசலில் நின்றார். “நீதானே தம்பி யாருக்கும் சொல்லக் கூடாதுன்ன? வீட்டுக்கு வந்து அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்றான்னு.”

நான் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் நானா பொறுப்பு? ஸ்க்ரூடிரைவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நல்ல ஸ்க்ரூடிரைவர்.

பிப்ரவரி 21 – வெள்ளி

பாய் கடை. அண்ணனே எல்லாவற்றையும் போட்டு உடைத்தார், நகைச்சுவை மாதிரி. தவுக்கே பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு “மீன் தொட்டி செய்யலாம்” என்றாராம். 22-ஆம் எண் எப்படி ஏற்றியிருப்பான் என்று எழுந்து நின்று நடித்துக் காட்டினார், நாக்கைத் துருத்தி, நாய் மாதிரி. ராம்நாத் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாய் சிரிக்கவில்லை. “நம்ம ஏன் சொல்லிக்கிறோம்? பங்குக்கு மட்டுமா? அரசு ஒரு பார்வை பாப்பான், அதுக்கும்தான்.”

“தெரியும் பாய்,” என்றார் அண்ணன்.

மார்ச் 12 – புதன்

அதே கோலாலம்பூர் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல். மார்ச் 22 ஏலம், ‘பினாங்கு தனிநபர் சேகரிப்பு’. ஏழு ரேடியோ. விற்பவர் பெயர் போடவில்லை. பின்பக்கப் படங்களைப் பார்த்தேன். உள்ளே இருப்பது என் சால்டர் பற்றவைப்பு. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அண்ணன் விற்கிறார். முன்பணத்துக்கு.

அதில் அந்தப் பெரிய தேக்கு ரேடியோவும் இருக்கிறது. பச்சைக் கண், அசல். இந்தத் தீவில் அப்படி இன்னொன்று கிடையாது. இரண்டு மாதம் உட்கார்ந்து நான் சரி செய்தது. அவர் செய்ததெல்லாம் துடைத்தது மட்டும்தான்.

மார்ச் 14 – வெள்ளி

அண்ணன் வரவில்லை. நான் செய்தியைச் சொன்னேன். ஆமாம், சொன்னேன். சொன்னால்தான் மற்ற இருவர் கையையும் கட்ட முடியும்.

“அப்போ எனக்கு முதல் கை. தேக்கு.”

ராம்நாத் என்னையே பார்த்தார். “விதியே வேணாம்னவன் விதி பேசுறான் பாய்.”

“விதின்னா விதிதானே?”

பாய் தாடியைத் தடவினார். “நம்ம சேந்து எடுத்தா விலை அடில நிக்கும். சிவநேசனுக்குக் காசு வேணும்டா.”

“அப்போ நீங்க எதுவும் எடுக்காதீங்க பாய்.”

ராம்நாத் டீயைக் குடித்து முடித்தார். பிறகு பாய் அந்த ஏழில் இருந்த சின்ன பேக்கலைட் ரேடியோ எந்த வருஷத்தது என்று கேட்டார். ராம்நாத் தனக்கு ஒன்றைச் சொன்னார். எல்லாருக்கும் வாய் இருக்கிறது. வயிறும் இருக்கிறது. என்னை மட்டும் ஏன் அப்படிப் பார்ப்பது?

மார்ச் 21 – வெள்ளி

அண்ணன் போன்.

“நாளைக்கு ஏலம், தெரிஞ்சிருக்கும் உனக்கு. பாயும் ராம்நாத்தும் ஆளுக்கு ஒண்ணு எடுப்பாங்க, ஏத்த மாட்டாங்க. அதுல தப்பில்ல. எத்தன பொம்பளைங்க புருஷன் செத்து மறு மாசம் சாமான ஏலத்துல போட்டிருக்காங்க, நானும்தானே உங்களோட நின்னு அடி விலைக்குத் தூக்கியிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒரே ஒரு நம்பிக்கைதான் தம்பி. அந்த இருபத்திரெண்டு. அந்தப் பைத்தியம் நாளைக்கு வரணும்னு முருகன்கிட்ட வேண்டியிருக்கேன். அவன் வந்தா ஏத்துவான்ல?”

“வரலாம்ணே,” என்றேன்.

கோலாலம்பூர் சேகரிப்பாளர்கள் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். நூற்றுக்கணக்கான பேர், காசுக்காரர்கள். தேக்கு ரேடியோவின் படத்தைப் போட்டு ‘நாளை, விடாதீர்கள்’ என்று தட்டினேன். அனுப்பினால் அவருக்கு முன்பணம் வந்துவிடும். எனக்கு அது கிடைக்காது.

அழித்தேன்.

மார்ச் 22 – சனி

22 வந்தான். ஒரே ஒரு தடவை கேட்டான். எதிரே யாரும் இல்லை. மணி அடித்தது.

மார்ச் 29 – சனி

சாமானை விற்றவரின் இடத்திலேயே வந்து எடுத்துக்கொள்ளும்படி கம்பெனி எழுதியிருந்தது. முகவரி மாக் மண்டின். ஆள் வைத்து எடுக்கலாமா என்று பார்த்தேன். அவன் ரேடியோவின் கண்ணைத் தட்டி உடைத்துவிட்டால்? நானே காரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினேன். அண்ணன் இருக்கமாட்டார், வேலையாள் யாராவது இருப்பான் என்றுதான் நினைத்தேன்.

பட்டறை வாசலில் பழைய இரும்பு லாரி. லேத்தைச் சங்கிலி போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வா வா, நல்ல நேரத்துல வந்த! ஒரு கை புடி. தேக்க எடுக்க அந்த ஆளு வர்றதுக்குள்ள வெளிய வெச்சிரலாம். அந்த மூஞ்சிய எனக்குப் பாக்கணும் லா.”

நான் ஏலக் கம்பெனி அனுப்பிய சீட்டை நீட்டினேன். வேறு என்ன செய்வது? சீட்டு இல்லாமல் சாமான் தரமாட்டார்களே.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். எண்ணைப் படித்தார். திருப்பி, பின்பக்கமும் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. வெளியே சங்கிலி இறங்கும் சத்தம்.

‘எனக்குத் தெரியாதுண்ணே’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதை? அன்றைக்குத் தெரியாது. போன சனிக்கிழமை?

“கயிறு கொண்டாந்தியா?” என்றார்.

“இல்ல.”

அவரே கயிறு எடுத்து வந்தார். கார் பின்சீட்டில் பழைய துணி போட்டு, ரேடியோவை வைத்து, நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். “பள்ளத்துல மெதுவா விடு. இதுல கண்ணு அசல்.” பிறகு என் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ரேடியோ மேல் வைத்துவிட்டு, லாரிக்காரனிடம் போய்விட்டார்.

ஏப்ரல் 4 – வெள்ளி

ரேடியோ நன்றாகப் பாடுகிறது. கண் முழுசாக மூடுகிறது.

வேலை முடிந்து பாய் கடைக்குப் போனேன். பாய் மட்டும் இருந்தார். நாற்காலிகளை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தது.

“இன்னிக்கு யாரும் வரல தம்பி,” என்றார்.

கல்லா மேல் மூன்று தே தாரேக் டம்ளர்கள். நுரை இன்னும் காயவில்லை.