விளிம்பில் அழிந்த பெயர்

என் அருமை வீரன் அண்ணை,

தமிழ் வாசிக்கத் தெரியாத மொரிஷியஸ் தமிழர் நீங்கள். கண்ணை மூடி மேலுலகம் போயாவது படித்துவிட்டீர்களா? முதலாளியம்மா சின்யோரா வீட்டுக் குசினியில் நாங்கள் இருவரும் இத்தாலியனை உடைத்து உடைத்துக் கதைத்தோமே, அதுவே எனக்குப் போதுமாயிருந்தது. இப்போது தனியே வேலை செய்கிறேன். சின்யோராவுக்குக் காது கேட்காது. வாய் திறக்காமலே பொழுது போய்விடுகிறது.

உங்கள் மகள் சாந்தினி மிலானிலிருந்து வந்து, சீசாப் பகுதியில் நீங்கள் இருந்த அறையை ஒதுக்கிக் காலிசெய்தாள். உங்கள் பூட்டனாரின் மூன்று மெடல்களையும் வியா மக்வேதா தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் காட்டியிருக்கிறாள். விக்டோரியா ராணியின் முகமே மழுங்கிவிட்டதாம். விளிம்பில் வெட்டியிருக்க வேண்டிய பெயரையும் காணவில்லையாம்.

வேறென்ன நடக்கும்? ஞாயிறு தவறாமல் சின்யோராவின் வெள்ளிக் கரண்டிகளோடு சேர்த்து வைத்து, அதே பசையால் தேய்தேய் என்று தேய்த்தீர்களே! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"பாப்பா சொன்னதெல்லாம் பொய். பாண்ட் மாஸ்டராயிருந்த பூட்டன் எண்டு ஒருத்தரும் இருக்கேல்லை," என்று சாந்தினி இத்தாலியனில் வெடித்தாள். மெடல்களைக் குப்பைப் பையில் போட்டுவிட்டாள்.

"பொறு பிள்ளை, கேட்டிட்டு எறி," என்றேன். "உன்ரை அப்பாவின்ரை பூட்டன் மதராஸ் பட்டாளத்து பாண்டிலை கோர்னெட் குழல் ஊதினவர். சண்டை வந்தா பாண்டுக்காரர் வாத்தியத்தை வைச்சிட்டு, காயப்பட்ட ஆக்களைத் தூக்கவேணும். பர்மாவிலை அவர் தூக்கினவர். முதல் மெடல் அதுக்குத்தான். பிறகுதான் மொரிஷியஸ் பொலிஸ் பாண்டுக்கு மாஸ்டரானவர். மற்ற ரெண்டும் அங்கை கிடைச்சது."

"பாப்பா இதை எனக்குச் சொல்லேல்லையே."

எப்படிச் சொல்வீர்கள்? எனக்கும் ஒருதரம்தான் சொன்னீர்கள். வன்னிச் சண்டையில் என் மனுசன் காயப்பட்டுக் கிடந்தபோது, தூக்க ஒருவரும் இல்லாமல் விட்டுவிட்டு ஓடிவந்ததை நான் சொல்லி அழுத அன்றுதான், அந்த மெடலை என் உள்ளங்கையில் வைத்து இந்தக் கதையைச் சொன்னீர்கள்.

சாந்தினி கட்டிலில் இருந்துவிட்டாள். "அவருக்கு என்ன பேர்?"

"முத்துச்சாமி."

அவளும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு மூன்றையும் எடுத்துத் தன் கழுத்துச் சால்வையில் சுற்றிக்கொண்டாள். மிலானில் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். நேற்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது.

அவள் போனபிறகு உங்கள் வெறுங்கட்டிலில் கனநேரம் இருந்தேன். எங்கள் ஊரில் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்லமாட்டோம். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காக அவர் பெயரைக் கேட்டபோதுகூட எழுதித்தான் காட்டினேன். அவருக்கு மெடலும் இல்லை, கல்லறையும் இல்லை. நானும் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள், அண்ணை?

"கனகரத்தினம்" என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை.

இனி நாள்தோறும் சொல்லுவேன். உங்கள் பெயரையும் சேர்த்துத்தான்.

உங்கள் தங்கச்சி
புனிதம்
பலெர்மோ